ஏழு ஆண்டு, ஏழு சாம்பியன்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் 2019 முதல் 2025 வரை ஒரு முறை கோப்பை வென்ற அணி மறுமுறை வெல்லவில்லை. டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி என ஏழு பருவங்களில் ஏழு சாம்பியன்கள். 1957-க்கும் 1969-க்கும் இடையில் பாஸ்டன் செல்டிக்ஸ் மட்டுமே 11 கோப்பைகளை அள்ளிய லீக் இது. 1980களில்கூட பத்தில் எட்டை லேக்கர்ஸும் செல்டிக்ஸுமே பங்கு போட்டுக்கொண்டன.

கூடைப்பந்தின் இயல்பே பலசாலிக்குச் சாதகமானது. களத்தில் ஐந்தே பேர். கிரிக்கெட்டில் எத்தனை பெரிய பேட்ஸ்மேனும் அவுட்டானால் பெவிலியனுக்குத் திரும்ப வேண்டியதுதான். இங்கே ஸ்டார் ஆட்டக்காரர் 48 நிமிடங்களில் 40 நிமிடம் வரை ஆடலாம், தாக்குதல்தோறும் பந்து அவர் கைக்கே போகலாம். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் நூறு முறை பந்து கிடைப்பதால் அதிர்ஷ்டத்தின் பங்கும் சுருங்கிவிடுகிறது. பிளே ஆஃபிலோ ஏழு ஆட்டத் தொடர். ஆகவே இங்கே சமநிலை தானாக வராது. விதி போட்டுத்தான் வரவழைக்க வேண்டும்.

முதல் விதி சம்பள உச்சவரம்பு. 1984-85இல் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று தொடங்கியது. சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம் என்று அதிலேயே ஒரு வாசலும் திறந்திருந்தது.

அந்த வரம்பே காலை வாரியது 2016இல். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் கொட்ட, உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரே தாவலில் 9.41 கோடியானது. 82 ஆட்டங்களில் 73 வென்றிருந்த கோல்டன் ஸ்டேட்டுக்குக் கெவின் டுராண்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. அவரை இழந்தது, சில வாரங்களுக்கு முன் அதே கோல்டன் ஸ்டேட்டை 3-1 என்று முந்திவிட்டுத் தொடரைக் கோட்டைவிட்ட ஓக்லஹோமா சிட்டி. லீக்கின் சமநிலைக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்ததில்லை என்பேன்.

லீக்குக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான 2023 ஒப்பந்தம், இப்படி ஸ்டார்கள் ஓரிடத்தில் குவிவதைக் கட்டுப்படுத்த வந்தது. ‘இரண்டாவது ஏப்ரன்’ என்கிற சம்பள மேல் எல்லையை (2024-25இல் 18.89 கோடி டாலர்) தாண்டும் அணிக்கு வரி மட்டுமல்ல, கைகளும் கட்டப்படுகின்றன. இரண்டு ஆட்டக்காரரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஸ்டாரை வாங்க முடியாது. புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழாண்டு கழித்து வரும் முதல் சுற்று உரிமையை வேறு அணிக்குக் கொடுக்க முடியாதபடி முடக்குவார்கள். 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயை போர்ட்லாண்டுக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது இதனால்தான்.

சாம்பியன் மாறிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்துச் சமநிலை வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சார்லட் அணி 2016க்குப் பிறகு 2025 வரை பிளே ஆஃபை எட்டிப்பார்க்கவில்லை. கடைசி இடங்களில் இருப்பவர்களுக்கு உதவும் டிராஃப்ட் லாட்டரியோ, வேண்டுமென்றே தோற்கும் ஆசையை வளர்த்தது. அதனால்தான் 2019இல் மிக மோசமான மூன்று அணிகளுக்கும் டிராஃப்டின் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பை 14 சதவீதம் என்று சமமாக்கினார்கள்.

இப்போது ஓக்லஹோமா சிட்டியைக் கவனியுங்கள். ஸ்டார் ஆட்டக்காரர் பால் ஜார்ஜை 2019இல் கொடுத்து ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஒரு கட்டு டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். இரண்டு பருவங்கள் அடிமட்டத்தில் கிடந்து, 2025இல் கோப்பை. அதே கோடையில் ஷாய், வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் மூவருக்கும் பெருந்தொகை ஒப்பந்தம். பின்னவர் இருவருக்கும் 2026-27இல் அது தொடங்குகிறது. அப்போது ஏப்ரன் கழுத்தை நெரிக்கும். 2012இல் தாங்களே வளர்த்த ஜேம்ஸ் ஹார்டனைச் சம்பளப் பேச்சு முறிந்ததும் ஹூஸ்டனுக்குக் கொடுத்த சாம் பிரெஸ்டிதான் இன்றும் அணியின் பொது மேலாளர்.

பணத்தால் ஸ்டார்களைக் குவிப்பதும் டிராஃப்டில் எடுத்துப் பொறுமையாக வளர்ப்பதும் ஒன்றல்ல. வளர்த்த அணியே தக்கவைக்கும் ஆட்டக்காரரின் சம்பளத்தில் ஒரு பகுதியை ஏப்ரன் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். அப்படி ஒரு விதி வந்தால் ஹோம்கிரனும் வில்லியம்ஸும் அதில் அடங்குவார்கள். வெளியிலிருந்து வந்த ஷாய்க்கு அது பொருந்தாது.