ஐயத்தையும் வெளியிடும் ஆவணப் பதிப்பு

அச்சுப் பதிப்பின் காலத்தில், ஒரு காப்பகத்தின் கையெழுத்துத் தாள்களை வெளியிடுவது பெரும்பாலும் ஐயங்களைத் தீர்த்து மூடும் பணியாகவே இருந்தது. எந்தத் தாள் அச்சுக்கு உரியது, அடித்துத் திருத்திய வரிகளுள் எது எழுதியவரின் இறுதிக் கருத்து, மை பரவி மங்கிய சொல் எது என்னும் கேள்விகளுக்கெல்லாம் பதிப்பாசிரியர் ஒரே விடையைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது; தாளின் விலையும் பக்கத்தின் அளவும் அதற்குமேல் இடம் தரவில்லை. கவனமான பதிப்பாளர்கள் பாடபேதங்களை, அதாவது ஓரிடத்துக்கு அமையக்கூடிய வேறு வாசிப்புகளை, அடிக்குறிப்பில் தந்தார்கள் எனினும், மூலத்தாளைக் காணாத வாசகருக்கு அவற்றைச் சரிபார்க்கும் வழி இருக்கவில்லை. இன்று மூலத்தின் படத்தையும் பதிப்பாசிரியரின் வாசிப்பையும் அவ்வாசிப்பில் எஞ்சும் ஐயத்தையும் சேர்த்தே வெளியிட முடிகிறது என்பதுதான் எண்ணிமத் தொழில்நுட்பம் இத்துறையில் நிகழ்த்தியுள்ள ஆழமான மாற்றம்.

ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளரும் பயன்வாதத் தத்துவத்தின் முன்னோடியுமான ஜெரமி பெந்தம் (1748–1832) விட்டுச்சென்ற தாள்களின் வரலாற்றில் இம்மாற்றத்தின் படிகள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 60,000 தாள்கள் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் உள்ளன. மேலும் பல ஆயிரம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் மறைவுக்குப்பின் ஜான் பௌரிங்கின் மேற்பார்வையில் 1838 முதல் 1843 வரை வெளிவந்த 11 தொகுதிகள், சமயத்தைக் கடுமையாக விமர்சித்த எழுத்துகளை ஒதுக்கிவிட்டன. அக்குறையை நீக்கும் நோக்கில் 1959இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1968 முதல் புதிய முழுப்பதிப்பு தொகுதி தொகுதியாக வெளிவருகிறது என்றாலும், வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் சேர்த்தெழுதிய திருத்தங்களும், முதுமையில் மேலும் சிதைந்த கையெழுத்தும் அப்பணியை மிக மெதுவாகவே நகரவிட்டன.

2010 செப்டம்பரில் அதே கல்லூரி தொடங்கிய 'டிரான்ஸ்கிரைப் பெந்தம்' திட்டம், தாள்களின் படங்களை இணையத்தில் வைத்து, அவற்றைப் படித்துத் தட்டெழுதும் படியெடுப்புப் பணியைப் பொதுமக்களிடம் ஒப்படைத்தது. பங்கேற்றோர் சொற்களோடு குறிகளையும் சேர்த்தார்கள். 1987இல் தொடங்கிய 'டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்' என்னும் கூட்டு முயற்சி வகுத்த நெறிகளின்படி, அடிக்கப்பட்ட சொல்லைச் சுற்றி ஒரு குறியும், வரிக்கு மேல் செருகப்பட்டதற்கு மற்றொன்றும், தெளிவாகத் தெரியாததற்கு வேறொன்றும் இடப்படுகின்றன. இவ்வாறு குறியிட்ட ஒரே கோப்பிலிருந்து, திருத்தங்கள் நீங்கிய படிப்புப் பாடத்தையும், எழுதியவர் தயங்கி மாற்றிய ஒவ்வோர் இடத்தையும் காட்டும் ஆய்வுப் பாடத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். தன்னார்வலர் எழுதியதைத் திட்டப் பணியாளர்கள் சரிபார்த்த பிறகே ஏற்றார்கள். ஆகவே பதிப்பாசிரியரின் பொறுப்பு குறையவில்லை, இடம் மாறியது.

தன்னார்வலர் எழுதிய படிகள் பின்னர் எவரும் முதலில் எண்ணியிராத ஒரு பயனைத் தந்தன. அச்செழுத்தைக் கண்டறியும் பழைய மென்பொருள்கள் எழுத்துகளைத் தனித்தனியே பிரித்தறிந்தன. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் கையெழுத்தில் ஓரெழுத்து எங்கே முடிகிறது என்பதே தெரிவதில்லை. அதனால் புதிய கருவிகள் முழு வரியையும் ஓர் அலகாகக் கொண்டு, வரியின் படத்தையும் அதற்கு மனிதர் எழுதிய சரியான படியையும் இணையிணையாகக் கற்கின்றன. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் உருவான 'டிரான்ஸ்கிரிபஸ்' கருவியின் வளர்ச்சிக்கு, பெந்தம் தாள்களுக்குக் கிடைத்திருந்த படிகள் இத்தகைய பயிற்சிப் பாடமாயின. எனினும் இயந்திரம் 100 எழுத்துகளில் 5ஐத் தவறவிட்டாலும், பிழைகள் சிதறி விழும்போது, சராசரி 5 எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொற்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கெட்டுவிடும். அத்தகைய பாடத்தில் ஒரு சொல்லைத் தேடுபவர், அது தவறாகப் படிக்கப்பட்ட பக்கங்களை அறியாமலே கடந்துவிடுவார்.

ஸ்பெயினின் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெந்தம் தாள்களுக்கு உருவாக்கிய நிகழ்தகவுச் சொல்லடைவு இச்சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அங்கே இயந்திரம் ஒரு மங்கிய சொல்லுக்கு ஒரே வாசிப்பை முடிவு செய்யாமல், பொருந்தக்கூடிய பல வாசிப்புகளை அவற்றின் நம்பகத்தன்மை மதிப்போடு சேர்த்து வைக்கிறது. தேடுபவர் மதிப்பின் வரம்பைத் தாழ்த்தினால், தவறானவை சில கலந்திருந்தாலும் விடுபடுவன குறையும். உயர்த்தினால், கிடைப்பவை சிலவாயினும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் தாளின் படம் உடனிருப்பதால், இறுதித் தீர்ப்பைப் பார்ப்பவரே வழங்கிக்கொள்கிறார்.

இவ்வசதிக்குப் புதிய கடமைகளும் உண்டு. தட்டெழுத்தில் வரும் இயந்திர வாசிப்பு, பிழையுள்ள இடத்திலும் பிழையற்ற தோற்றமே தருவதால், அது மனிதரால் சரிபார்க்கப்பட்டதா என்பதைப் பதிப்பு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். திருத்தத் திருத்த மாறும் பாடத்தை மேற்கோள் காட்டுவோர் எந்த நாளின் வடிவத்தைப் பார்த்தார்கள் என்பது பதிவாக வேண்டும். பெட்டிக்குள் மூடிக்கிடந்தே நூறாண்டு தாங்கும் தாளைப்போல் கோப்புகள் கவனிப்பின்றி வாழா. அவற்றைப் பல இடங்களில் படியெடுத்து, வடிவங்கள் பழையனவாகும்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பௌரிங்கின் 11 தொகுதிகளை மட்டும் படித்த ஒருவருக்கு, அவற்றில் இடம்பெறாத தாள்கள் உண்டு என்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எண்ணிமப் பதிப்பிலோ, எவரும் இன்னும் படியெடுக்காத தாளும் தன் பெட்டி எண்ணோடும் தாள் எண்ணோடும் படத்தோடும் பட்டியலில் நிற்கிறது. அதன் எதிரே படி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதும் வாசகரின் கண்ணில் படுகிறது.