இலவச பீரின் விலை என்ன?

லாஸ் வேகஸ் கேசினோக்களில் ஆடிக்கொண்டிருப்பவருக்கு மதுவுக்குக் காசு கிடையாது. கொண்டுவந்து தரும் பெண்ணுக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் வைத்தால் போதும். கொஞ்சம் பெரிய கையாக இருந்தால் சாப்பாடு, அறை, ஷோ டிக்கெட் என்று சலுகைகள் நீளும். எந்த கேசினோ தாராளம் என்று விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர், இதற்கெல்லாம் காசு எங்கே வசூலாகிறது என்று பார்ப்பதில்லை. பிளாக்ஜாக் ஆடுகிறவருக்கு அந்த விடை மேஜைத் துணியிலேயே அச்சாகியிருக்கிறது.

3க்கு 2, 6க்கு 5

ஆட்டம் எளிது. சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், கேசினோ சார்பில் ஆடும் டீலரைவிட அதிகம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் விழுந்தால் அது பிளாக்ஜாக். பழைய வழக்கப்படி இதற்கு 3க்கு 2 தருவார்கள். 10 டாலர் கட்டியவருக்கு 15 டாலர். இப்போது பல மேஜைகளில் 6க்கு 5. அதே கைக்கு 12 டாலர்தான். பெரிய எண்ணாக இருக்கிறதே என்று இதை நல்ல விதியாக நினைத்து உட்காருகிற புதியவர்களும் உண்டு.

மூன்று டாலர்தானே என்று விட முடியாது. பிளாக்ஜாக் சராசரியாக 21 கைக்கு ஒருமுறை வரும். சரியாக ஆடத் தெரிந்தவரிடம், 3க்கு 2 மேஜையில் கேசினோ எடுப்பது, கட்டும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சுமார் அரை டாலர். 6க்கு 5 என்று மாறினால் அது இரண்டு டாலரை நெருங்கிவிடும். கைக்கு 25 டாலர், மணிக்கு 70 கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,750 டாலர் புரள்கிறது. முதல் மேஜையில் மணிக்கு 9 டாலர் போகும். இரண்டாவதில் 35 டாலர். இந்த வித்தியாசத்தில் பாரில் காசு கொடுத்தே பீர் குடித்துவிடலாம்.

மற்ற விதிகளும் உண்டு. ஏஸும் ஆறும் சேர்ந்து 17 வந்தால் டீலர் நிறுத்திக்கொள்வது நமக்கு நல்லது. இன்னொரு சீட்டு எடுப்பார் என்றால் 100-க்கு 20 சென்ட் கூடுதல் நஷ்டம். டீலர் ஏஸ் காட்டும்போது, அவருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாகக் கட்டச் சொல்லும் 'இன்ஷூரன்ஸ்' பாதுகாப்பே அல்ல. அதில் போடும் 100 டாலருக்கு 7 டாலர் அளவுக்குப் போகும்.

ஸ்ட்ரிப்பா, டவுன்டவுனா?

பெல்லாஜியோ, சீசர்ஸ் பேலஸ் போன்ற பெரிய கேசினோக்கள் இருக்கும் ஸ்ட்ரிப் சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடம் என்று நினைத்து நடந்தால் கால் வலிக்கும். அறை வாடகைக்கு மேல் 'ரிசார்ட் ஃபீ' என்று தனியாக ஒரு தொகை. பல காலம் இலவசமாக இருந்த பார்க்கிங்குக்கு 2016-ல் எம்ஜிஎம் நிறுவனம் கட்டணம் போட, மற்ற பலரும் பின்தொடர்ந்தார்கள். குறைந்த தொகை மேஜைகளில் பெரும்பாலும் 6க்கு 5தான். 3க்கு 2 வேண்டுமென்றால் கைக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

டவுன்டவுனில் ஃப்ரீமான்ட் தெருவின் கேசினோக்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்று பிடிக்காவிட்டால் தெருவைக் கடந்தால் அடுத்தது. 1941-ல் திறந்த எல் கோர்டெஸ், ஒற்றைக்கட்டுச் சீட்டில் 3க்கு 2 தருவதற்காகவே ஆட்டக்காரர்களிடம் பெயர் வாங்கிய இடம். அலங்காரம் பழசு, ஆட்டம் நியாயமானது.

சலுகையின் சூத்திரம்

உறுப்பினர் அட்டையை நீட்டியதும், மேற்பார்வையாளர் நீங்கள் சராசரியாக எவ்வளவு கட்டுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்று பதிந்துகொள்வார். நீங்கள் உண்மையில் தோற்றீர்களா, ஜெயித்தீர்களா என்பதல்ல, தோற்றிருக்க வேண்டிய தொகைதான் கணக்கு. அதில் ஒரு பங்குதான் விருந்தாகவும் அறையாகவும் திரும்பி வருகிறது. கோழியைக் கொடுத்துவிட்டு முட்டையை இனாமாக வாங்குகிற கதை. அட்டையைக் காட்டுவதில் தப்பில்லை. சலுகைப் புள்ளிக்காக இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவதுதான் தப்பு.

எல்லா ஊரிலும் கேசினோ வசதியை அள்ளித் தருவதில்லை. சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு கேசினோக்கள் திறக்க அனுமதித்த அரசு, உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவு வரி வைத்தது. 2019 முதல் அது ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர். குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வாசலைக் கடப்பது சுலபமானால் வீடு என்னாகும் என்று யோசித்துப் போட்ட விதி அது.

எதை முதலில் பார்ப்பது?

முதலில் 3க்கு 2. அடுத்து 17-ல் டீலர் என்ன செய்கிறார் என்பது. பிறகு, மேஜையின் குறைந்தபட்சத் தொகை நம் பைக்கு ஒத்துவருமா என்பது. பார்க்கிங், பஃபே எல்லாம் அதற்கப்புறம்தான். ஆள் நிறைந்த மேஜையில் உட்காருவதும் நல்லது. ஆட்டம் மெதுவாக நகரும், நஷ்டமும் மெதுவாகவே ஏறும்.

எந்தச் சீட்டுகள் போய்விட்டன என்று எண்ணி ஜெயிக்கும் வழியைச் சொல்லி 1962-ல் கணிதவியலாளர் எட்வர்ட் தார்ப் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, அப்படி ஜெயிக்கப் பலர் கிளம்பினார்கள். அப்படிப்பட்டவரை வெளியே அனுப்ப நெவாடா கேசினோக்களுக்கு உரிமை உண்டு. மற்றவர்களுக்கு எந்த மேஜையிலும் கணக்கு கேசினோ பக்கம்தான். கூடுதலா குறைச்சலா என்பதே வித்தியாசம். எனவே, கொண்டுபோகும் பணத்தைச் சினிமா டிக்கெட் மாதிரி செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போங்கள். அது தீர்ந்ததும் எழுந்துவிடுங்கள்.