பிரஷர் மாத்திரை: பெயர் மாறினால் மருந்து மாறுமா?

மும்பை தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி வெந்துவிடும். 5 மணிக்கெல்லாம் அலுமினியப் பாத்திரமும் சாம்பார் தூக்கும் கட்டிய சைக்கிள்கள் 90 அடி ரோட்டைத் தாண்டி மாட்டுங்கா, சயான் பக்கம் கிளம்பிவிடும். அந்த வரிசையில் 26 ஆண்டுகளாகச் சைக்கிள் மிதிப்பவர் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர். வயது 54. ஒரு மழைக்காலக் காலையில், சிக்னல் அருகே சைக்கிளை விட்டு இறங்கியவர் அப்படியே சாய்ந்து விழுந்தார். கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டியது. பின்னால் வந்த டெம்போக்காரர் சமயத்தில் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது.

கூடி நின்றவர்களில் ஒருவர் "பசி மயக்கம்" என்றார். இன்னொருவர் "ராத்திரி தண்ணி போட்டிருப்பார்" என்றார். இரண்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 90/60க்கு இறங்கியிருந்தது. பிரஷர் அதிகம் என்று ஐந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, பிரஷர் குறைந்து மயக்கம்!

காரணம் அவர் மனைவி கொண்டுவந்த பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. டாக்டர் பையைக் கவிழ்த்தார். மூன்று மாத்திரை அட்டைகள் விழுந்தன.

மூன்று அட்டைகளின் கதை

முதல் அட்டை, பிரபல கம்பெனியின் பெயர் போட்டது. ஐந்து வருஷமாக அவர் தினம் ஒன்று சாப்பிட்டு வந்தது. அந்த ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் கலந்திருந்தன. ஒன்று டெல்மிசார்டான் 40 மில்லிகிராம். மற்றொன்று அம்லோடிபின் 5 மில்லிகிராம். மாதம் 400 ரூபாயைத் தாண்டும் செலவு. வியாபாரம் மந்தமான மாதங்களில், கடைசி வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுச் சமாளித்திருக்கிறார். கையில் காசில்லாதவர்கள் பலரும் செய்வதுதான்.

கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் இதைக் கண்டுபிடித்தார். டாக்டரிடம் சொல்லி, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரையே எழுதி வாங்கிக்கொண்டு ஜன் ஔஷதி எனப்படும் மக்கள் மருந்தகத்துக்குப் போனார். இரண்டும் கலந்த மாத்திரை அன்றைக்கு அங்கே இருப்பில் இல்லை. கடைக்காரர் தனித்தனியாக இரண்டு அட்டை கொடுத்து, "அந்த ஒன்றுக்குப் பதில் இந்த இரண்டு" என்று மராத்தியில் சொன்னார். மாதச் செலவு 60 ரூபாய்க்குள் அடங்கியது.

மகனுக்கு நைட் டூட்டி. அட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு, "புதுசா ரெண்டு மாத்திரை வாங்கி வச்சிருக்கேன், காலையில போட்டுக்கோங்கப்பா" என்று போனில் சொன்னார். "பதில்" என்ற அந்த ஒரு சொல் வழியிலேயே தொலைந்துவிட்டது. அப்பா புதிய இரண்டையும் போட்டார். பழைய அட்டையில் மீதி இருந்ததை வீணாக்குவானேன் என்று அதையும் சேர்த்தே போட்டார். 11 நாள் இப்படி நடந்தது. நாலாம் நாளே கணுக்கால் வீங்கியது. அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்குவது உண்டு. "நின்னு நின்னு வியாபாரம் பண்றதால வீங்குது" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். 11ஆம் நாள் சிக்னலில் விழுந்தார்.

இந்தச் செய்தி தாராவிக்குள் எப்படிப் பரவியது தெரியுமா? "மலிவு மாத்திரை சாப்பிட்டார், விழுந்தார்" என்று! பக்கத்துச் சந்தில் இரண்டு பேர் தாங்கள் வாங்கி வைத்திருந்த ஜன் ஔஷதி அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

பெயர் இரண்டு, சரக்கு ஒன்று

வீட்டில் ராசா என்று கூப்பிடுவார்கள். மஸ்டர் ரோலில் செல்வராஜ் என்று இருக்கும். ஆள் ஒருவர்தான். மாத்திரைக்கும் அப்படித்தான். அம்லோடிபின் என்பது மருந்தின் சொந்தப் பெயர். இதைத்தான் ஜெனரிக் பெயர் என்கிறார்கள். கம்பெனி வைக்கும் பெயர் விளம்பரப் பெயர். அம்லோடிபினைக் கண்டுபிடித்தது ஃபைசர் கம்பெனி. இன்று இந்தியாவில் எத்தனையோ கம்பெனிகள் அதே மருந்தை ஆளுக்கொரு பெயரில் விற்கின்றன.

இதற்கு வழி செய்தது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1972இல் அது அமலுக்கு வந்தது. அதன்படி மருந்து செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது. வேறு முறையில் அதே மருந்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். 2005 ஜனவரியில் சட்டம் மறுபடி மாறும் வரை இந்த நிலை இருந்தது. ஆகவே நம் மருந்துக் கடைகளில் பெரிய பெயர் போட்டு விற்கும் பிரஷர் மாத்திரைகளில் பெரும்பாலானவை முதலில் கண்டுபிடித்தவரின் சரக்கு அல்ல. அவையும் அதே மருந்தைப் பார்த்துச் செய்தவைதான். ஜெனரிக் என்றால் போலி என்று நினைப்பது தவறு. போலி மருந்து சட்ட விரோதமானது. ஜெனரிக், லைசென்ஸ் பெற்றுச் செய்யப்படுவது.

அப்படியானால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? மெடிக்கல் ரெப்ரசென்டேடிவ்களின் சம்பளம், பயணம், டாக்டர்களுக்குத் தரும் சாம்பிள், விளம்பரம், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி லாபம் எல்லாம் பெயர் போட்ட மாத்திரையின் விலையில் ஏறுகின்றன. அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். விற்பவர் பெயர் ஒன்றாகவும், தயாரித்தவர் பெயர் வேறாகவும் பல அட்டைகளில் இருக்கும். ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு மாத்திரை செய்து கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

மத்திய அரசின் முதல் ஜன் ஔஷதிக் கடை 2008 நவம்பரில் அமிர்தசரசில் திறக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் நாடெங்கும் எண்ணிக்கை 15,000ஐ எட்டியது. 2024 மார்ச்சில் 50 ரயில் நிலையங்களிலும் இக்கடைகள் தொடங்கி வைக்கப்பட்டன. மருந்துக்கு மருந்து வேறுபட்டாலும், பாதி விலை முதல் ஐந்தில் ஒரு பங்கு விலை வரையிலும், சிலவற்றில் அதற்கும் குறைவாகவும் கிடைக்கிறது.

குமாஸ்தா போட்ட கணக்கு

இட்லிக்காரர் கதை இப்படி என்றால், கோட்டைப் பகுதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் கும்பகோணத்துக்காரரின் கதை நேர் எதிர். டோம்பிவிலியில் குடியிருப்பவர். எதையும் கணக்காகச் செய்பவர். பழைய அட்டையில் 2.5 என்று இருந்தது. அதே 2.5 மில்லிகிராம் அம்லோடிபினை மலிவாக வாங்கினார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பிரஷர் 158/96.

"ஜெனரிக் மருந்தில் சரக்கே இல்லை சார்!" என்று காலை லோக்கலில் பெட்டி முழுக்கச் சொன்னார். கூட வருபவர்கள் இரண்டு பேர் பழைய மருந்துக்கே திரும்பினார்கள்.

டாக்டர் பழைய அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயருக்கு முன்னால் சிறிய எழுத்தில் "எஸ்" என்று ஒரு எழுத்து இருந்தது. சாதாரண அம்லோடிபினில் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இரண்டு உருவங்கள் சரிபாதியாகக் கலந்திருக்கும். பிரஷரைக் குறைப்பது அதில் ஒன்றுதான். அந்த ஒன்றை மட்டும் பிரித்துச் செய்தது எஸ்-அம்லோடிபின். ஆகவே அதில் 2.5 என்பது சாதாரண அம்லோடிபினில் 5க்குச் சமம். நண்பர் மூன்று வாரமாக அரை மருந்துதான் சாப்பிட்டு வந்திருக்கிறார்! இப்போது சாதாரண அம்லோடிபின் 5 சாப்பிடுகிறார்; அதுவும் மலிவு மருந்தகத்தில் வாங்கியதுதான். பிரஷர் 132/84. இந்த விஷயத்தையும் அதே லோக்கலில், அதே பெட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

தரத்துக்கு என்ன உத்தரவாதம்?

டாக்டர்கள் சிலர் ஜெனரிக் எழுதத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே தரத்தில் செய்வதில்லை என்பது அவர்கள் வாதம். டாக்டர்கள் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவக் கமிஷன் 2023 ஆகஸ்டில் விதி போட்டது. எதிர்ப்புக் கிளம்பவே அதே மாதம் அதை நிறுத்தி வைத்தது.

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதந்தோறும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2024 ஆகஸ்டு மாதப் பட்டியலில் டெல்மிசார்டானும் இருந்தது. ஆனால் இந்தப் பட்டியல்களில் பெயர் போட்ட மருந்தும் வருகிறது, பெயர் போடாததும் வருகிறது. பெரிய பெயர் இருந்தால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு, மூல மருந்தைப் போலவே உடம்பில் சேருகிறதா என்ற சோதனை 2017 ஏப்ரல் முதல் லைசென்சுக்குக் கட்டாயம். டெல்மிசார்டான் அந்த வகையைச் சேர்ந்தது. ஜன் ஔஷதி மருந்துகள் கடைக்கு வருமுன் ஒவ்வொரு தொகுதியும் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் சோதிக்கப்படுவதாகத் திட்ட நிர்வாகம் கூறுகிறது.

நல்ல மாத்திரையை நாமே கெடுப்பதும் உண்டு. டெல்மிசார்டான் ஈரத்தை இழுக்கும் சரக்கு. மும்பை மழையில், அட்டையைப் பிரித்து ஒரு வாரத்து மாத்திரையை டப்பாவில் கொட்டி வைத்தால் கெட்டுப் போகும். சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையை உடைக்க வேண்டும்.

மாற்ற நினைப்பவர்கள் கவனத்துக்கு

மருந்தை மாற்றுவதில் அபாயம் இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மாற்றுவதில்தான் அபாயம். கவனிக்க வேண்டியவை இவை:

1. டாக்டரிடம் சொல்லி மருந்தின் சொந்தப் பெயரில் சீட்டு வாங்குங்கள். சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருக்க, கடைக்காரர் தாமாக வேறொன்றைக் கொடுக்க மருந்து விதிகளில் இடமில்லை.

2. பழைய அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் சொந்தப் பெயர், மில்லிகிராம் இரண்டும் புதிய அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். கம்பெனிப் பெயரைவிட மருந்தின் சொந்தப் பெயரைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. ஆகவே தேடுவது கஷ்டமில்லை.

3. முன்னும் பின்னும் உள்ள எழுத்துக்களை விடாதீர்கள். "ஏஎம்" என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. "ஹெச்" என்றால் சிறுநீர் அதிகம் போக வைக்கும் மருந்து சேர்ந்தது. "எக்ஸ்எல்", "ஈஆர்" என்றால் மெதுவாகக் கரைவது. மெட்டோப்ரோலால் மருந்தில் சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு வகை உண்டு. முன்னது பொதுவாக மெதுவாகக் கரையும் மாத்திரையாக வருவது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நாமாகப் போடக் கூடாது.

4. புதிய அட்டை வந்ததும் பழையதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம்.

5. மாற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பிரஷர் பாருங்கள். மாடிப்படி ஏறிய மூச்சோடு பார்க்க வேண்டாம். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். அதற்கு அரை மணி முன்பிருந்து டீ, பீடி, சிகரெட் வேண்டாம்.

6. தலை சுற்றல், கால் வீக்கம் வந்தால் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம். அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போய்விடும்.

நாட்டில் வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகவும், அவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரைக்குக் காசில்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறவர்களும், சந்தேகப்பட்டு நிறுத்திவிடுகிறவர்களும் கட்டுப்பாட்டில் வருவது எப்படி? வலியில்லாத வியாதி இது. பக்கவாதம் வரும்போதுதான் தெரியும்.

ஊரிலிருந்து ஒரு குரல்

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஜெனரிக் மருந்துகளை மொத்தமாக வாங்கித் தர 1994இலேயே ஒரு கழகம் அமைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. 2025 பிப்ரவரியில் 1,000 "முதல்வர் மருந்தகங்கள்" திறக்கப்பட்டன. மும்பையில் உள்ள பலரின் தாய் தகப்பனார் ஊரில் சாப்பிடுவது இத்தகைய மாத்திரைகளைத்தான்.

இட்லிக்காரருக்குக் காலில் சூட்டுக் காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த நாட்களில் "பழைய மாத்திரைக்கே போய்விடலாமா?" என்று அவருக்கும் ஊசலாட்டம் இருந்தது. ஊரில் இருக்கும் தாயாருக்கு வயது 78. எட்டு வருஷமாக அரசாங்க மாத்திரை. போனில் மகன் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "ஏலே, என் மாத்திரைக்குப் பேரு என்னன்னே எனக்குத் தெரியாது. நர்சு குடுத்த மாதிரி தெனம் ஒண்ணு முழுங்குதேன், நல்லாத்தான் இருக்கேன். ஒனக்குப் பேரு வேணுமா, சொகம் வேணுமா?"

இப்போது அவர் வீட்டு அலமாரியில் இரண்டு அட்டைகள்தான் இருக்கின்றன. மகன் அவற்றின் மேல் தமிழில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்: "காலையில் இதில் ஒன்று, அதில் ஒன்று. வேறு எதுவும் இல்லை." காலை 5 மணிக்கு அந்தச் சைக்கிள் மறுபடி மாட்டுங்கா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.