வெளிநாட்டுக் காசும் வங்கியின் கேள்விகளும்: தெரிந்திருக்க வேண்டியவை

சித்தாண்டியில் ஒரு குடும்பம் வீட்டைக் கட்டி முடிப்பதற்குக் கனடாவிலுள்ள அண்ணன் 12 இலட்சம் ரூபா அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் யார், என்ன உறவு, காசு எதற்கு என்று வங்கியில் கேட்கிறார்கள். விசாரணைகளால் நொந்த எமது மக்களுக்கு இந்தக் கேள்விகளே பயத்தைத் தருகின்றன.

2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், 10 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கல்களையும் இலத்திரனியல் பரிமாற்றங்களையும் வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவானது, குற்றச்சாட்டு அல்ல. சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கல் பற்றிய அறிக்கை வேறு. அதற்குத் தொகை வரம்பு இல்லை. அறிக்கை அனுப்பியதை வங்கி உங்களுக்குச் சொல்லவும் முடியாது.

2016 இல் வாடிக்கையாளரை அடையாளங்காணும் விதிகள் இறுக்கப்பட்டன. 2017 இல் சர்வதேச நிதியியல் நடவடிக்கைச் செயலணி இலங்கையைச் சாம்பல் பட்டியலில் இட்டது. 2019 ஒக்டோபரிலேயே நாடு அதிலிருந்து நீங்கியது. குற்றத்தால் ஈட்டிய சொத்துகள் தொடர்பான புதிய சட்டம் 2025 இல் நிறைவேறியது.

எமது மக்களின் அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயங்கரவாதத்துக்கு நிதியளித்தல் எனும் பெயரில் 2014 இல் 424 பேர் பட்டியலிடப்பட்டனர். 2015 இல் பலர் நீக்கப்பட்டு, 2021 இல் மீண்டும் பலர் சேர்க்கப்பட்டனர். 2022 இல் 316 பேர் நீக்கப்பட்டனர். ஆட்சி மாறும்போது பட்டியலும் மாறியது. பட்டியலில் உள்ளவரோடு பணத் தொடர்பு வைத்தால் பெறுபவரும் சிக்கலாம்.

எனவே சில விடயங்களில் கவனம் தேவை. அனுப்பியவரின் பெயர், உறவுமுறை, பற்றுச்சீட்டு, கட்டட மதிப்பீடு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லாதீர்கள். அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். கோயில், விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வரக்கூடாது. தெரியாதவர்களின் காசுக்கு உங்கள் கணக்கைக் கொடுக்கவே வேண்டாம். உண்டியல் காசு விரைவாக வரும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது. பணம் தூயதாக்கல் குற்றத்துக்கு 5 முதல் 20 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு.

வங்கியின் நடத்தையில் முறைப்பாடு இருந்தால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் கொடுங்கள். தீர்வு இல்லையெனில் மத்திய வங்கியை 1935 எனும் இலக்கத்தில் அழைக்கலாம். கேள்வி கேட்பது வங்கியின் கடமை. மரியாதையோடு கேட்கப்படுவது உங்கள் உரிமை.