கிறிஸ்துமஸ் தீபங்களும் காவிரி தந்த ஒளியும்

மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் பெங்களூர் மாநகரின் பிரிகேட் ரோடு ஆண்டுதோறும் புதுக்கோலம் பூணுகிறது. கிறிஸ்துமஸ் திருநாளை முன்னிட்டுச் சாலையெங்கும் மின்விளக்குத் தோரணங்கள் ஒளிர்கின்றன. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற பேதமின்றி மக்கள் அங்கே திரள்கின்றனர். ஆயினும், பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் உழைத்து வாழும் நம் குடும்பங்களுள் பல அக்காட்சியைக் கண்டதே இல்லை. “அது பணக்காரர் வீதி, நமக்கு அங்கே என்ன வேலை?” என்பாரை நாம் அறிவோம். அக்கேள்விக்கு விடை கூறவே இதனை எழுதப் புகுந்தோம்.

தீபம் ஏற்றப்படும் கணத்துக்காக ஊரே காத்து நிற்பது நமக்குப் புதிதன்று. திருக்கார்த்திகையன்று அண்ணாமலையின் உச்சியை நோக்கி இலட்சக்கணக்கானோர் நிற்கின்றனர் அல்லவா? மேனாடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே. எடிசனின் கூட்டாளியாகிய எட்வர்டு ஜான்சன், 1882-ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கிலிருந்த தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். அதுவரை மரங்களில் மெழுகுவர்த்திகளே எரிந்தன. தீ விபத்துகளும் நேர்ந்தன. பின்னர் லண்டனில் ரீஜண்ட் வீதி 1954-இலும், ஆக்ஸ்போர்டு வீதி 1959-இலும் கிறிஸ்துமஸ் மின்னலங்காரம் பெற்றன. அந்நகரின் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு நார்வேயின் ஆஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் ஒரு பெருமரத்தை அனுப்பி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றிக் காணிக்கை அது. ஒருவர் ஒளியில் மற்றவர்க்கும் பங்குண்டு என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டுவதே இத்தகைய விழாக்களின் பயன் எனலாம்.

பெங்களூரின் ஒளியில் நமக்குள்ள பங்கு யாது? சிவசமுத்திரத்தில் காவிரி வீழும் வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம், மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவாயிற்று. 1902 ஜூனில் அம்மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழி சென்று முதலில் அடைந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே பூமிக்கடியில் இறங்கிப் பொன் எடுத்தவர்களில் பெரும்பகுதியினர் வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர். சுரங்கத்தின் தேவையே அந்த நெடுங்கம்பியை இழுக்கச் செய்தது. அதன் பின்னரே, 1905 ஆகஸ்டு 5-ஆம் தேதி, பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. அத்தொழிலாளரின் மக்களும் பேரமக்களும் இன்று மாரிக்குப்பத்தில் ரயிலேறி, தலைநகருக்கு வேலைக்கு வந்து போகின்றனர். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அக்கூட்டத்தை நன்கு அறிவோம்.

சீரியல் செட் என்னும் பழைய விளக்குச் சரத்தில், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தைச் சிறு பல்புகள் பல தம்முள் பங்கிட்டுக் கொள்ளும். அவற்றுள் ஒன்று பியூஸ் ஆனாலும் சரம் முழுவதும் அணைந்துவிடும். ஊர் வாழ்வும் அத்தன்மையதே. 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பிணக்கின் காரணமாகப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் தாக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின, குடும்பங்கள் பல மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டு வெளியேறின. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரமும் இல்லாத வேளை அது. எந்த ஆறு இந்நகருக்கு முதல் ஒளியைத் தந்ததோ, அதன் பெயராலேயே இருள் சூழ்ந்தது. அந்நாளை மறக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கியிருத்தல் அதற்கு மருந்தாகாது என்றே கூறுகிறோம்.

ஆகவே, இவ்வாண்டு டிசம்பரில் ஒரு மாலை வேளையைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். 2025 ஆகஸ்டு 10-ஆம் தேதி பொம்மசந்திராவுக்கு மெட்ரோ ரயில் வந்தபின் பிரயாணம் எளிதாகிவிட்டது. மஞ்சள் தடத்தில் ஏறி ஆர். வி. ரோட்டில் இறங்குக, பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக் வரை சென்று, ஊதாத் தடத்துக்கு மாறினால் எம். ஜி. ரோடு நிலையம் வந்துவிடும். அங்கிருந்து பிரிகேட் ரோடு நடைதூரமே. விளக்குகளைக் காணக் கட்டணம் ஏதுமில்லை. தமிழிலும் வழிபாடு நிகழும் சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தையும் அப்படியே கண்டு வரலாம்.

செல்லும்போது பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் உடன் அழையுங்கள். தோரணத்தின் கீழ் நிற்கும் பிள்ளைகளிடம் சிவசமுத்திரத்தின் கதையையும் தங்கவயலின் கதையையும் சொல்லுங்கள். கன்னட நாட்டின் நீரும் தமிழர் வியர்வையும் ஒரே கம்பியில் வந்து சேர்ந்த வீதி அது என்பதை இரு வீட்டுப் பிள்ளைகளும் அறிந்து வளரட்டும்.