‘அடுத்த அத்தியாயம் எங்கே?’: டோல்கீனை எழுதவைத்த வியாழக்கிழமை நண்பர்கள்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த நாவல் பாதியிலேயே நின்றுபோயிருக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1937 டிசம்பரில் நாவலை ஆரம்பித்தார். வகுப்பு, விடைத்தாள், நாலு பிள்ளைகள், நடுவில் உலகப் போர். போதாக்குறைக்கு, எழுதியதையே திரும்பத் திரும்பத் திருத்தும் குணம் வேறு. கதைமாந்தர்கள் மோரியா சுரங்கத்துக்குள் நுழைந்த இடத்தில் கதை நின்றது. மாதக்கணக்கில் நகரவே இல்லை. ஆபீஸ் முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்து, ஒரே பத்தியைத் திருத்திவிட்டு மூடிவைப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

அப்புறம் எப்படி முடித்தார்?

ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் வியாழன் இரவுகளில் நண்பர்கள் கூடுவார்கள். கூட்டத்துக்கு ‘இங்க்ளிங்ஸ்’ என்று பெயர். தலைவர் கிடையாது, விதிமுறை கிடையாது. எல்லோரும் பேராசிரியர்களும் இல்லை. ஒரு டாக்டர் இருந்தார், பதிப்பகத்தில் வேலை பார்த்தவர் இருந்தார், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியான லூயிஸின் அண்ணன் வாரன் இருந்தார். டீ போடுவது வாரன் பொறுப்பு. டீ வந்ததும், “யாராவது ஏதாவது எழுதிக்கொண்டு வந்திருக்கீங்களா?” என்கிற ரீதியில் லூயிஸ் ஆரம்பிப்பார். கொண்டுவந்தவர் சத்தமாக வாசிக்க வேண்டும். நன்றாக இருந்தால் மனசாரப் பாராட்டு. இல்லையென்றால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பக்கத்து பப்பில் சந்திப்பது தனி, அது அரட்டைக்கு.

1944-ல் டோல்கீன் மறுபடி வேகம் பிடித்தார். புது அத்தியாயங்களை லூயிஸிடம் வாசித்துக் காட்டினார். விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கும் அனுப்பினார். ஒரு அத்தியாயத்தைக் கேட்டு லூயிஸ் கண் கலங்கியதை மகனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

லூயிஸ் தன் எழுத்தை மாற்றினார் என்று டோல்கீன் எங்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் கொடுத்தது ஊக்கம். ரொம்ப காலம் தனக்கு இருந்த ஒரே வாசகர் அவர்தான். ‘இன்னும் வேணும்’ என்று விடாமல் கேட்டிருக்காவிட்டால் நாவலை முடித்திருக்கவே மாட்டேன் என்பதுதான் அவர் பிற்பாடு சொன்னதன் சாரம். எழுத்துக் குழுவின் சந்தோஷமே இங்கேதான் இருக்கிறது. பிழை திருத்த காசு கொடுத்தால் ஆள் கிடைக்கும். வர்ற வியாழக்கிழமை உங்கள் கதையில் என்ன நடக்கப்போகிறது என்று காத்திருக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் எல்லாம் இனிப்பு இல்லை. ஹ்யூகோ டைசன் என்ற உறுப்பினருக்கு டோல்கீனின் நாவல் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கடைசியில், அவர் வந்திருக்கும் இரவுகளில் அந்த வாசிப்பே நிறுத்தப்பட்டது. விமர்சனம் வேறு, வாயை அடைப்பது வேறு. நல்ல குழுக்களும் சறுக்குகிற இடம் இது. ஆண்கள் மட்டுமே கொண்ட குழு அது என்பதையும் சொல்லியாக வேண்டும். லூயிஸுக்கு நெருங்கிய தோழியான எழுத்தாளர் டொரோத்தி சேயர்ஸ் அதில் உறுப்பினர் இல்லை.

டைசன் தடுத்தாலும் டோல்கீன் நிறுத்தவில்லை. லூயிஸ் தனியாகப் படித்துக்கொண்டேதான் இருந்தார். 1949 அக்டோபரில் முழுப் பிரதியையும் முடித்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். நாவல் 1954, 1955-ல் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே லூயிஸ் தன் நார்னியா கதையின் ஆரம்பப் பகுதியை டோல்கீனிடம் காட்டியபோது, அவருக்கு அது பிடிக்கவில்லை. லூயிஸ் சோர்ந்துபோனார். பிறகு ரோஜர் லான்ஸலின் கிரீன் என்ற இளைய நண்பரிடம் வாசித்துக் காட்டினார். ‘நிறுத்தாதீங்க, எழுதுங்க’ என்பது அவருடைய பதில். முதல் நார்னியா புத்தகம் 1950-ல் கடைக்கு வந்தது.