முட்டி தேய்ந்தது யாரால்? 'நானா' என்கிறது மெடிக்கல் போர்டு

"ஊன ஓய்வூதிய மறுப்புக் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பீல் போடலாமா, நேராக கோர்ட்டுக்கே போய்விடலாமா?" முன்னாள் படைவீரர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. பதில்: 6 மாதம் முடிவதற்குள் முதல் அப்பீலை ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். கெடு ஓடத் தொடங்குவது மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு, காலம் கடந்துவிட்டது என்று சும்மா இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

அனுப்பியாயிற்றா? இனி அந்த மறுப்புக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் என்-ஏ-என்-ஏ என்று நான்கு எழுத்து இருக்கும். படைப்பணியால் வந்த நோயும் அல்ல, படைப்பணியால் முற்றிய நோயும் அல்ல என்பதன் சுருக்கம். பாளையங்களில் அதைச் சேர்த்தே படிக்கிறார்கள்: "போர்டுல நானா போட்டுட்டாங்க சார்." தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையாது. 18 வயதில் நல்ல முட்டியோடு வந்தவனுடைய கால் ஏன் இப்படித் தேய்ந்தது என்று கேட்டால், 'நானா?' என்று கையை விரிக்கிறது துறை.

அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. முழங்கால் தேய்மானத்துக்கு அங்கே வழக்கமாக விழுவது மூன்று சொற்கள்: உடல்வாகால் வந்தது, வயதால் வந்தது, 'பீஸ் ஸ்டேஷனில்' (போர்முனை அல்லாத இடத்தில்) தொடங்கியது. முதல் இரண்டும் மருத்துவம் போலவாவது ஒலிக்கின்றன. மூன்றாவதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு விளங்கவில்லை. குருத்தெலும்பு ஒரே நாளில் தேய்வதில்லை. முதுகில் மூட்டையோடு பனிமலை ஏறி இறங்கியவர், அங்கே இருக்கும்வரை வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியிருப்பார். சென்னைக்கோ வெலிங்டனுக்கோ மாற்றல் கிடைத்த பிறகுதான் ராணுவ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்க நேரம் வாய்க்கும். காகிதத்தில் பதிவாவது எக்ஸ்ரே எடுத்த தேதி. நோய் பிறந்த ஊராக வெலிங்டன் ஆகிவிடுகிறது.

இதற்கு மாற்று மருந்து 1982ஆம் ஆண்டின் தகுதி விதிகளிலேயே இருக்கிறது. படையில் சேரும்போது ஒருவருடைய உடலில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால், அவர் நல்ல உடலோடு வந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் நோயால் வெளியேற்றப்பட்டால், அது பணியில் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை, சேரும்போதே உள்ளுக்குள் இருந்தது, சோதனையில் தென்படவில்லை என்று போர்டு சொல்லலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகம் என்று வந்தால் அதன் பலனும் அவருக்கே.

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஆள் எடுக்கும்போது படை ரொம்பக் கறார். நேராக நிற்கவைத்து, முட்டியோடு முட்டி இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதம் தட்டையா என்று பார்ப்பார்கள். இடித்தால் அன்றைக்கே ஊர் பஸ் ஏற வேண்டியதுதான். அந்தக் கறாரையே விதி சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறது: நீங்களே பார்த்து நல்ல முட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள், இப்போது அதற்குப் பதில் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் நிலைநிறுத்தியது இதைத்தான். அவர் 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 1994இல் 20 சதவீத ஊனத்தோடு வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்ற போர்டு, அதற்குக் காரணம் எதுவும் எழுதவில்லை. காரணம் இல்லாத கருத்து செல்லாது என்றது நீதிமன்றம். வலிப்புக்குச் சொன்னது முட்டிக்கும் பொருந்தும். 2025இல் ராஜுமோன் வழக்கிலும் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 12 ஆண்டுகள். போர்டுகளின் கை அந்தக் கட்டத்தை நிரப்பப் பழகவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை, விதியை மாற்றியது. 2008 விதிகளில் பழைய அனுமானம் காணாமல் போனது. பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பதாலேயே அது பணியால் வந்தது ஆகிவிடாது என்ற வாசகம் அங்கே வந்து உட்கார்ந்தது. ஓய்வுபெற்று 15 ஆண்டுக்குப் பிறகு கேட்டால் நிரூபிக்கும் பாரமும் கேட்பவர் தலையில். ஆனாலும் காரணம் காட்டும் கடமை 2008க்குப் பிறகும் போர்டுக்கு உண்டு என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது; உங்கள் அப்பீலில் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு விதித் தொகுப்பு. ஊனத்தோடு பணியில் தொடர்ந்து ஓய்வுபெறுபவருக்குக் கிடைப்பதன் பெயர் இப்போது 'இம்பேர்மென்ட் ரிலீஃப்'. உரிமையாக இருந்தது வெள்ள நிவாரணம் போல ஒலிக்கத் தொடங்கிவிட்டது. கெடுபிடிக்குத் துறை சொல்லும் காரணம், பலர் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது. இருக்கலாம். 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வுபெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊன ஓய்வூதியத்தோடு போனார்கள், மற்ற நிலையினரில் 15 முதல் 18 சதவீதம் என்று சிஏஜி அறிக்கை சொல்கிறது. மூட்டை சுமந்தவர்கள் எந்தப் பக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அப்பீலில் என்ன எழுதுவது? முதலில், உங்கள் ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். காரணக் கட்டத்தில் என்ன இருக்கிறது, அல்லது என்ன இல்லை என்று அப்படியே எடுத்து எழுதுங்கள். பணியாற்றிய இடங்களைத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள். பயிற்சியில் விழுந்து முட்டியில் அடிபட்டு, அதற்குக் காய அறிக்கை பதிவாகியிருந்தால், மற்ற எல்லாத் தாளையும்விட அந்த ஒரு தாள் பெரிது.

பணக் கணக்கு, 2023 செப்டம்பர் 21க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கானது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 40,000 ரூபாய் வாங்கியவருக்கு 20 சதவீத ஊனம் என்றால் 2,400 வர வேண்டும். ஆனால் 50க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்தும் முறை இருப்பதால் 6,000 ஆகிறது, பஞ்சப்படி தனி. 20க்குக் கீழே போனால் ஒன்றுமில்லை. சில போர்டு அறிக்கைகளில் '15–19 சதவீதம்' என்று எழுதியிருக்கும். அந்தக் கடைசி ஒரு சதவீதத்தின் விலை, இந்தக் கணக்கில், மாதம் 6,000 ரூபாய்.

மற்ற கேள்விகளுக்கு:

உயர்த்தும் முறை இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தானே? பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 கடிதம் அப்படித்தான் சொன்னது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணி முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்றது.

இரண்டு முட்டி, முதுகு, மூன்றையும் கூட்டலாமா? கூடாது, போர்டு போடும் 'காம்போசிட்' எண்தான் கணக்கு.

நானே கேட்டு வாங்கிய ஓய்வு, தகுதி உண்டா? 2006 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் உண்டு.

அப்பீலுக்குப் பதிலே வரவில்லை? 6 மாதம் பாருங்கள், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு.

தாமதமாகப் போனால்? நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 ஆண்டோடு நின்றுவிடக்கூடும்.

மகன் அக்னிவீரர், அவனுக்கு முட்டி போனால்? பென்ஷன் இல்லை, ஊனத்தின் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் ஒரே தவணையாக. அதற்கும் பணியால் வந்தது என்று முதலில் போர்டு எழுத வேண்டும்.